காயாத பெயிண்ட்

ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். தின்னர் வாசனை கூடத்துக்கு வந்ததும் நாற்காலியில் இருந்த என் அத்தா தலையைத் தூக்கினார்.

"என் சைக்கிள் எங்கம்மா?"

அவர் குவைத்தில் இருந்தபோது, வீட்டில் சும்மா நின்ற அந்தக் கறுப்பு சைக்கிளை நானும் அண்ணனும் சினிமாவில் வரும் நீண்ட மூக்கு மோட்டார் பைக் போல, சாப்பர் வண்டியாக மாற்றினோம். பாலக்கரை வெல்டிங் பட்டறையில் முன் ஃபோர்க்கை அறுத்து, குழாய் வைத்து ஒரு முழம் நீட்டினோம். ஹேண்டில்பார் மாட்டுக் கொம்பு போல எழுந்து நின்றது. மொட்டை மாடியில் ஃபிரேமை உப்புத்தாளால் தேய்த்து ஆரஞ்சு அடித்தோம். அத்தா தன் கையால் வெள்ளையில் எழுதி வைத்திருந்த பெயர் முதல் பூச்சிலேயே மறைந்தது.

லீவில் வந்த மறுநாள் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பியவர் சைக்கிளைக் கேட்டார்.

"பெயிண்ட் காயல அத்தா," என்றேன். காய்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

நடந்தே போய்த் திரும்பியவர், மாடியேறி அதை வெகுநேரம் பார்த்தார். "பாத்து ஓட்டுங்க," என்றார். அவ்வளவுதான். அதன்பின் அவர் எந்த சைக்கிளிலும் ஏறவில்லை.

இப்போது என் பெயரே அவருக்கு நினைவில்லை. சைக்கிள் மட்டும் இருக்கிறது, கறுப்பாகவே.

"பெயிண்ட் காயல அத்தா."

"சரிம்மா, காயட்டும்," என்றவர் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.