ஸ்டெல்லா ஏன் அந்த வான் வண்டியில் இருந்தார்

செய்தியை முதலில் கேட்டவன் நான். பிலிமத்தலாவையில் எங்கள் மருந்து விநியோக அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தபோது சாரதி ரபீக் பேசினார். "சேர், தெல்தோட்டைப் பாதையில மண் சரிஞ்சிட்டு. நான் வெளியில வந்திட்டேன். மிஸ் உள்ளுக்கு..."

நாவலப்பிட்டி ஸ்டெல்லாவை அறிந்த உங்களுக்கு, கணினியில் வேலை செய்தவர் மருந்து ஏற்றிப்போன அந்த வான் வண்டியில் ஏன் இருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அஞ்சலிக் கூட்டத்தில் எவரும் சொல்லவில்லை.

எங்கள் வான்களுக்குப் பாதை வகுக்கும் நிரலை எழுதியவர் அவர். எறும்புகளைப் பார்த்து உருவான முறை அது. இரை தேடும் எறும்பு போகும் வழியெல்லாம் ஒரு வாசனையை விட்டுச்செல்லும். குறுகிய வழியில் போக்குவரத்து அதிகம், வாசனையும் கூடும், மற்ற எறும்புகளும் அதையே பிடிக்கும். கணினிக்குள் அப்படிக் கற்பனை எறும்புகளை ஓடவிட்டு, எந்தக் கடைக்கு முதலில் போவது, எந்த வழியாகத் திரும்புவது என்று கண்டுபிடிப்பார். அது வந்த பிறகுதான் சாரதிகள் நேரத்தோடு வீடு போனார்கள்.

"எறும்புக்கு இன்னொரு புத்தி இருக்கு. போகாத வழியில வாசனை காஞ்சிரும். பழசையே புடிச்சிக்கிட்டுத் தொங்காது" என்பார். அதனால் மழை நாட்களில் சரிவுப் பாதைகளின் வாசனை உடனே காய்ந்துவிடும்படி ஒரு விதி சேர்த்தார். வான்கள் சுற்றிப் போயின.

முகாமையாளருக்கு அந்தச் சுற்று பிடிக்கவில்லை. ஸ்டெல்லா விடுமுறையில் இருந்தபோது, வெளியாள் ஒருவரைக் கொண்டு விதியை நீக்கினார். திரும்பி வந்த அன்று மழை. ஸ்டெல்லா நேராக அவர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"இந்த மழையில தெல்தோட்டைப் பாதையில வான் போகக்கூடாது சேர். மண் சரியும்."

"கம்ப்யூட்டர் முன்னுக்கு உக்காந்துகிட்டுப் பயப்படாதீங்க. வேணும்னா நீங்களே போய்ப் பாருங்க."

"போறேன். ரபீக் தனியாப் போயி பாதியில திரும்பி வந்தா அவர் மேலதான் குத்தம் சொல்வீங்க."

ஆஸ்பத்திரியில் ரபீக் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மிஸ் திருப்பச் சொன்னாங்க சேர். வானைத் திருப்பக்குள்ளதான் மண் வந்திச்சி."

மலர்வளையத்தோடு வந்த முகாமையாளர், "இயற்கையின் சீற்றம் நம் சகோதரியைப் பறித்துவிட்டது" என்று பேசினார். பொய். மழை சொல்லாமல் வரவில்லை. மண் சரியும் என்று ஸ்டெல்லா வாய்விட்டுச் சொன்னார். அவரைக் கொன்றது அந்த அறையில் எடுத்த முடிவு.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அந்த விதியை நான் மீண்டும் சேர்த்தேன்.

"யார்கிட்ட கேட்டுச் செஞ்சீங்க?" என்றார் முகாமையாளர்.

"யார்கிட்டயும் கேக்கல சேர். வெளியில மழை பெய்யுது" என்றேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய கோபம். அதை ஆறவிடப் போவதில்லை.