மஞ்சள் தண்ணி பட்ட கொம்பு

டானியல் தம்பி மோசம் போயிட்டார், உயிர் பிரிஞ்சிட்டுதெண்டு அவரின்ர மனுசி மேரி போன் எடுத்துச் சொல்லேக்கை, நான் பிள்ளையாருக்கு விளக்கு வைச்சுக்கொண்டு நிண்டனான். "டொக்டர் வடிவாப் பாத்தவரோ?" எண்டுதான் கேட்டன். நம்ப ஏலாமல் இருந்தது.

உங்களில கனபேருக்கு அவரை இஞ்ச ஜேர்மனியில, வால்டோர்ஃபில கொம்பியூட்டர் வேலை செய்தவராய்த்தான் தெரியும். அதுக்கு முதல் கார்ல்ஸ்ரூஹேயில எங்கட மேல்வீட்டில வாடகைக்கு இருந்து, கல்லாய்ப் போன எலும்புகளை ஆராய்ச்சி செய்தவர். திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர்.

ஒருநாள் பெட்டிக்கை ஒரு கொம்போட வந்தார். சாமி இருக்கிற வீட்டுக்கை செத்த மிருகத்தின்ர கொம்பு!

"என்ன தம்பி உது, மானோ?"

"மான் மாதிரி இருக்கும், மான் இல்லக்கா. அமெரிக்காவுல கவைக்கொம்போட ஓடுற ஒரு மிருகம் இருக்கு. அதோட ஆதிகாலத்துச் சொந்தக்காரன். அந்தக் குடும்பத்துக்கு வெளிய, இப்ப உசிரோட இருக்கிறதுல ஒட்டகச்சிவிங்கிதான் கிட்டத்து உறவு."

"மானின்ர முகத்துக்கு ஒட்டகச்சிவிங்கி சொந்தமோ? ஆரும் விசாரிச்சுப் பாத்தவையோ?"

"அந்த விசாரிக்கிற வேலைதான்க்கா என்னோடது."

எனக்கு மனம் கேக்கேல்லை. அவர் வெளிய போக, துடக்குக் கழிய மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போட்டன். வந்து பாத்து விழுந்து விழுந்து சிரிச்சார். "இது எலும்பே இல்லக்கா! சாந்துல வார்த்த நகல். அசல் மியூசியத்துல இருக்கு."

சிரிச்சவர் சட்டெண்டு நிப்பாட்டினார். கவை பிரியிற இடத்தில மஞ்சள் மெல்லிசாய் ஒரு கோடாய் ஊறியிருந்தது. யன்னல் வெளிச்சத்தில திருப்பித் திருப்பிப் பாத்தார். "இந்தக் கோடு இங்க இருக்கக் கூடாதே. அசல்ல என்ன வெடிப்பு இருக்கோ, அதுதான் நகல்லயும் விழும்."

அந்தக் கொம்பு கிடைச்ச அவ்வளவு பழைய மண்ணில கவைக்கொம்பை அதுவரைக்கும் ஒருத்தரும் காணேல்லையாம். அதைக் கட்டுரையாய் எழுதினால் அவருக்கு வேலையை நீட்டிப்பினம். அடுத்தநாள் போய் அசலைப் பூதக்கண்ணாடியால பாத்தார். கவை வேறயொரு எலும்பின்ர துண்டு, ஆரோ எப்பவோ பசை போட்டு ஒட்டினது. கூட வேலை செய்தவர் "பேசாம எழுது, யாருக்குத் தெரியப் போகுது" எண்டாராம். நானும் "தம்பி, விசாவை யோசியுங்கோ" எண்டன்.

"நமக்குப் பிடிச்ச சேதியைத்தான்க்கா முதல்ல சந்தேகப்படணும்" எண்டார். எழுதேல்லை. வேலை போச்சுது.

சேமக்காலையில அவரை அடக்கம் செய்ய வந்தவையெல்லாம், வால்டோர்ஃபில அவர் நல்ல சந்தோசமாய் இருந்தவரெண்டு கதைச்சினம். கேக்க எனக்கும் ஆறுதலாய்த்தான் இருந்தது. அதாலதான் சந்தேகம் வந்து, மேரியைத் தனிய கூப்பிட்டுக் கேட்டன்.

"சந்தோஷமா இல்லக்கா. எலும்பு நெனப்பாவேதான் இருந்தாரு" எண்டா. பிறகு, "ஆனா படுத்தா நிம்மதியா தூங்குவாரு."

அதை நம்பினன். ஆறுதல் சொல்லையும் ஒருக்கால் விசாரிச்சுப்போட்டு நம்புற குணம்தான் டானியல் தம்பி எனக்கு விட்டுட்டுப் போனது. பிள்ளையாரும் அதுக்குக் கோவிக்கமாட்டார்.