முப்பத்தோராவது நாற்காலி

அமெரிக்காவில் எங்கள் ஊரில் கால்பந்தைக் கையால்தான் ஆடுவார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் கிளீவ்லாந்து அணி ஆடிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், அவர்கள் எதனால் ஆடினாலும் ஒன்றுதான் என்று விளங்கியிருக்கும். அப்படிப்பட்ட அணிக்குத்தான் எமில் ஹ்ருஷ்கா தன் வாழ்நாளில் பெரும்பங்கைக் கொடுத்தான். மிச்சம் இருந்ததை ஊரை ஒட்டிய பார்மா பகுதிப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் செலவழித்தான். தனக்கென்று எதுவும் மிஞ்சவில்லை என்று அவன் மனைவி ரோஸலி சொன்னபோது, கணக்கு சரிதான் என்று அவன் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அவனோ காரைத் துடைக்கப் போனான். அவனுடைய காரில் பயணி பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை வைத்துக்கொண்டே மிதிக்காமல் இருப்பதுதான் இந்தத் தொழில் என்பான். வீட்டிலும் அதே தொழில்தான் செய்தான்.

ரோஸலியே அவனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள்தான். கல்யாணம் அதற்குப் பிறகு.

ஏப்ரல் மாதம் வந்தால் தொழில்முறை அணிகள் கல்லூரிப் பையன்களை முறைவைத்துப் பொறுக்கும். அதை நாங்கள் ஆளெடுப்பு என்போம். போன வருடம் அதிகம் தோற்றவனுக்கு முதல் பந்தி. எனவே கிளீவ்லாந்துக்காரனுக்கு வருடத்தில் நல்ல மாதம் என்று ஒன்று உண்டென்றால் அது ஏப்ரல்தான். அந்த மாதத்தில் யாரிடமும் தோற்க முடியாது.

உண்மையான ஆளெடுப்புக்குச் சில வாரம் முன்னால், கணினி வழியாக நாங்கள் ஒரு பொய் ஆளெடுப்பு நடத்துவோம். ஆளுக்கு ஓர் அணி. ஒருவர் எடுத்த பையனை இன்னொருவர் எடுக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சாயங்காலம் அவகாசம். அதைத் தவறவிட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். இதனால் உலகத்தில் ஒரு துரும்பும் அசையாது. வளர்ந்த ஆண்கள் முப்பது பேர் சொப்பு வைத்து விளையாடுகிறார்கள் என்று ரோஸலி சொல்வாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் சொப்பு விளையாட்டில்தான் யாரும் ஏமாற்ற மாட்டார்கள்.

நிர்வாகி ஒமாஹாவைச் சேர்ந்த வெர்லின். அந்த ஊருக்கு அணியே கிடையாது, ஆகவே நடுநிலையாளர். பிட்ஸ்பர்க் அணி ரீஜிஸ் மத்துசெக் கையில். எமிலுக்கு எழுதும் எல்லாவற்றையும் "குப்பைமேட்டுக்கு வணக்கம்" என்றுதான் தொடங்குவான். நான் சின்சினாட்டி. விரும்பி எடுத்துக்கொண்டது அல்ல. யாராவது ஒருவர் சின்சினாட்டியாக இருந்துதானே ஆக வேண்டும்! பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால், செத்ததைக் கட்டிக் காப்பது எனக்குப் பழக்கம் என்று எமில்தான் சிபாரிசு செய்தான். கிளீவ்லாந்து எப்போதும் அவனுடையது. அதைக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருட இலையுதிர் காலத்தில் எமில் எனக்குப் போன் செய்தான்.

"வாத்தியாரே, போறாங்களாம்யா."

மளிகைக் கடையில் என் மனைவி காதில் ஏற்கெனவே ஒரு செய்தி விழுந்திருந்தது. அதனால் மெதுவாகக் கேட்டேன்: "ரோஸலியா?"

"டீமுய்யா. பால்டிமோருக்கு."

"சரி. ரோஸலி?"

"அவ டொலீடோவுக்கு. ஹார்லன்னு ஒரு பல் டாக்டர்." அதே மூச்சில் தொடர்ந்தான்: "ஸ்டேடியம் குத்தகை இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்குய்யா. அதுக்குள்ள எப்படி விட்டுட்டுப் போக முடியும்?"

எதைப் பற்றிக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். ஸ்டேடியத்தைப் பற்றியே பதில் சொன்னேன்.

ஊர் விடவில்லை. ஊர்வலம் போனது, வழக்குப் போட்டது. கடைசியில் அணி போகலாம், ஆனால் பெயரையும் நிறத்தையும் இங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், சில வருடத்தில் அதே பெயரில் புது அணி வரும் என்று ஏற்பாடாயிற்று. எமிலுக்கு அந்த வசதியும் இல்லை. ரோஸலி போன கையோடு ஹ்ருஷ்கா என்ற பெயரையும் கழற்றிவிட்டாள்.

டிசம்பரில் பழைய மைதானத்தில் கடைசி ஆட்டம். நினைவுக்கு எதையாவது அறுத்துப் போக ரம்பத்தோடு வந்தவர்கள் நிறையப் பேர், எமிலும் ஒருவன். ரோஸலியின் இருக்கை பக்கத்தில் காலியாகக் கிடந்தது. அதில் உட்கார வந்த ஓர் ஆளிடம் "ஆள் வராங்க" என்று சொல்லிவிட்டான். நாங்கள் ஜெயித்தோம். போகிற அன்றைக்கு ஜெயிப்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான். ஆட்டம் முடிந்ததும், நடுவில் ஒரே கைப்பிடியால் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மர இருக்கைகளையும் ஜோடியாகவே அறுத்து எடுத்து வந்து, வீட்டின் நிலவறையில் வைத்தான். வந்தால் உட்கார இடம் வேண்டாமா என்பது அவன் வாதம். அணியா அவளா என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு காரியமும் செய்தான். கணினிக்கென்று இரண்டாவது டெலிபோன் லைன் இழுத்தான், ரோஸலிக்குத் தெரிந்த பழைய நம்பர் எந்நேரமும் காலியாக இருக்க வேண்டும் என்று. கணினி போன் லைனை அடைக்கக் கூடாது: அவள் அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் கேட்டது அது ஒன்றைத்தான்.

அடுத்த ஏப்ரலில் தகராறு வந்தது. கிளீவ்லாந்தின் முறை இப்போது பால்டிமோருடையது. அங்கிருந்து மரியாதையான ஒரு மனிதர் வந்து சேர்ந்திருந்தார். முப்பது அணி, முப்பது ஆள். எமிலுக்கு இடமில்லை.

"எனக்கு வேற எதுவும் வேணாம்," என்று எழுதினான். "டீம் திரும்பி வர்ற வரைக்கும் எங்க ஊர் பேரை அடிக்காதீங்க. எல்லாரும் எடுத்து முடிச்ச பிறகு மிச்சத்துல ஒருத்தனை எடுத்துக்கறேன்."

வெர்லின் வருத்தத்தோடு மறுத்தார். இல்லாத அணிக்கு எப்படி ஆள் எடுப்பது? நாளைக்கு ஒமாஹாவும் கேட்கும். பால்டிமோர் மனிதர் வானிலையைப் பற்றி எழுதினார். திருட்டு வீட்டுக்குக் குடி வந்துவிட்டவரின் மரியாதை. அப்போது யாரும் எதிர்பாராத திசையிலிருந்து குரல் வந்தது.

"குப்பைமேட்டுக்கு வணக்கம்," என்று ரீஜிஸ் எழுதினான். "வெர்லின் சார், கிளீவ்லாந்து இல்லேன்னா நான் யாரைத் திட்டறது? பால்டிமோரையா? அவங்க எனக்கு என்ன பாவம் பண்ணினாங்க? எமில் ஒப்புக்குச் சப்பாணியா ஒரு ஓரத்துல உக்காந்துட்டுப் போறான், விடுங்க. ஆனா ஒண்ணு. அவன் எடுத்தா எடுத்ததுதான். அந்தப் பையனை நாம யாரும் தொடக்கூடாது."

இப்படித்தான் முப்பத்தோராவது நாற்காலி உண்டாயிற்று. பரம எதிரி வாங்கிக் கொடுத்த நாற்காலி.

மூன்று ஏப்ரலிலும் எமில் மற்றவர்கள் தள்ளிய மிச்சத்தில் பொறுக்கினான். முழங்கால் போனவன், கை குட்டையானவன், பரீட்சையில் பிடிபட்டவன். அவர்களில் பெரும்பாலோரை உண்மை அணிகளும் தொடவில்லை. ஒருவன் ஐயோவாவில் இன்சூரன்ஸ் விற்கப் போனான், இன்னொருவன் அப்பாவின் பன்றிப் பண்ணைக்குத் திரும்பினான். எமிலுக்கு அது பொருட்டில்லை. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, நகரத்துக்கு அணி இல்லாத அந்தப் பருவங்களில், நிலவறையில் தன் இருக்கையில் உட்கார்ந்து மனசுக்குள் அவர்களை ஆடவிடுவான். இடது கை நடுக் கைப்பிடியின்மேல் பாதியளவு மட்டும் இருக்கும். மறு பாதி அவளுடையது.

ஒரு நாள் நான் படியிறங்கிப் போனபோது முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான்.

"என்னய்யா?"

"தோத்துட்டோம். இருபது பதினேழு. கடைசி நிமிஷத்துல பந்தை நழுவ விட்டுட்டான்."

"யோவ், டீமும் உன்னுது, ஆட்டமும் உன்னுது, நழுவ விட்டவனும் உன் மண்டைக்குள்ளதான் இருக்கான். ஜெயிக்க வெச்சா யாரு கேக்கப் போறா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஜெயிச்சா அது கிளீவ்லாந்து இல்லையே, வாத்தியாரே."

மூன்று வருடத்தில் அந்தப் பையன்கள் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. நான் அறிந்தவரை, உலகத்திலேயே மிக நேர்மையான பகற்கனவு அதுதான்.

தொண்ணூற்றொன்பதில் புது அணி வந்தது. அதே பெயர், அதே நிறம், ஏரிக்கரையில் புது மைதானம், ஆளெடுப்பில் முதல் பந்தி. லீகில் இப்போது முப்பத்தோரு அணி. எங்கள் பொய் ஆளெடுப்பிலும் முப்பத்தோராவது நாற்காலியை வெர்லின் முறைப்படி தூக்கி முன்வரிசையில் போட்டார். முதல் பையனை எமில்தான் எடுக்க வேண்டும். "மூணு வருஷம் வாசல்ல நின்னவருக்கு முதல் இலை," என்று எழுதினார். ரீஜிஸ்கூட வாழ்த்தினான், வாழ்த்திவிட்டுத் திட்டினான்.

அதே வாரம் பழைய லைன் அடித்தது.

"சனிக்கிழமை வராளாம்யா," என்றான் எமில். குரலே வேறாக இருந்தது. "டீம் வந்துடுச்சாமேன்னு கேட்டா. நம்ம சீட்டு இன்னும் இருக்கான்னு கேட்டா. நம்மன்னு சொன்னா, வாத்தியாரே."

நான் லத்தீன் வாத்தியார். ஒப்புமை என்றால் விடமாட்டேன். போனது இரண்டும் ஒரே மாதம், வருவதும் இரண்டும் ஒரே மாதம் என்று சொல்லிச் சிரித்தேன். "டீம் போகும்போது டோஸ்டரை எடுத்துட்டுப் போகலையே," என்றான். ஆனாலும் முடிவெட்டிக்கொண்டான். சர்ச்சுப் பெண்கள் விற்கும் பிரோகிக் கொழுக்கட்டை இரண்டு டஜன் வாங்கி வெங்காயத்தோடு வதக்கி வைத்தான். இருக்கைகளுக்கு மெழுகு போட்டுத் துடைத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன். "ஒரு கை பிடிக்க வரியா?"

போனேன். ரோஸலி நிலவறையில் கோட்டைக் கழற்றாமல் நின்றிருந்தாள். நன்றாக இருந்தாள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க," என்றாள் என்னிடம். "பதினஞ்சு வருஷம் அந்த ஏரிக்காத்துல உறைஞ்சு போய் உக்காந்தது நான்தானே? அதான் என் சீட்டைக் கேட்டேன். வராந்தாவுல போட்டுக்கறேன். ஹார்லனும் சரின்னுட்டார்."

"உன்னுதுதான்," என்றான் எமில். "நான் எப்பவும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்."

ஜோடியைப் பிரிக்க வேண்டியிருந்தது. அதே ரம்பத்தை எடுத்தான். நடுக் கைப்பிடிக்கு மேலே ரம்பத்தை வைத்துவிட்டு நின்றான். இருப்பது ஒரே கைப்பிடி. ஏதாவது ஒரு பக்கம்தான் போகும்.

"இதை எந்தப் பக்கம் விடறது?"

"எதுவானாலும் சரி, எமில்."

அவள் பக்கம் விட்டு அறுத்தான். மரத்தூள் அவள் ஷூவின்மேல் விழுந்ததைக் குனிந்து துடைத்தும்விட்டான். இருவருமாகத் தூக்கி அவள் காரில் ஏற்றினோம்.

"ஒழுங்கா சாப்பிடறியா?" என்று கேட்டாள்.

"பிரோகி இருக்கு. உள்ள."

"நேரமாச்சேப்பா. நாலு கட்டிக் குடு, வழியில சாப்பிட்டுக்கறேன்."

கட்டிக் கொடுத்தான். கார் தெருமுனை வரை போய்த் திரும்பியது.

"பாத்தியா?" என்றான் எமில். "காலித் தெரு. ஆனாலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பறா. நான் சொல்லிக்கொடுத்தது."

திங்கட்கிழமை பொய் ஆளெடுப்பு தொடங்கியது. முதல் முறை கிளீவ்லாந்து. சாயங்காலம் முழுக்க எமிலிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. "ஏய் குப்பைமேடு, தூங்கிட்டியா? மூணு வருஷமா இதுக்குத்தானே அழுதே!" என்று ரீஜிஸ் எழுதினான். அவகாசம் முடியும் தறுவாயில் பதில் வந்தது.

"கிளீவ்லாந்தை வாத்தியார் பாத்துக்கட்டும். எனக்குப் பழையபடி கடைசியில ஒரு இடம் போதும். என் பசங்களை நடுவுல விட முடியல."

வெர்லின் கெட்டவர் அல்ல. "எமில், அந்த இடம் இல்லாத டீமுக்குப் போட்டது," என்று விளக்கினார். "உங்க டீம்தான் திரும்பி வந்துடுச்சே. இனிமே எதுக்கு?"

"சும்மா குடுங்க சார்," என்றான் ரீஜிஸ்.

"யாருக்குன்னு குடுக்கறது?" என்று கேட்டார் வெர்லின். காணாமல் போனதற்காக எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஒருவன் துக்கம் காக்கலாம். அது திரும்பி வந்துவிட்டது என்று ஊரே கொண்டாடும்போது துக்கம் காக்க மட்டும் எந்த விதியிலும் இடமில்லை.

சின்சினாட்டியையும் கையில் வைத்துக்கொண்டு, முன்வரிசையில் போட்ட அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எல்லாரும் எடுக்கிற பையனையே எடுத்தேன். எமில் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

செப்டம்பரில் புது மைதானத்தில் முதல் ஆட்டம், எதிரே பிட்ஸ்பர்க். நாற்பத்து மூன்றுக்குப் பூஜ்யம். எழுபதாயிரம் பேர் அழக்கூடத் தோன்றாமல் வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை ரீஜிஸிடமிருந்து செய்தி வந்திருந்தது. குப்பைமேடு இல்லை, வணக்கம் இல்லை. "எமில் எப்படி இருக்கான்?" அவ்வளவுதான். ஜெயித்தவன் கேலி செய்யாவிட்டால் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

பள்ளி விட்டதும் போனேன். எமில் நிலவறையில் தன் ஒற்றை இருக்கையில் இருந்தான். நேற்று டிவியைப் போடவே இல்லை என்றான்.

"எவ்ளோ?"

"நாப்பத்து மூணு. நமக்குப் பூஜ்யம்."

தலையை ஆட்டினான். வேறு யாரோ ஒருவரின் வீட்டுச் சாவைக் கேட்டதுபோல.

பேச்சை மாற்ற நினைத்து, மாற்றக் கூடாத இடத்துக்கே மாற்றினேன். "உன் பசங்க?"

"நேத்து ஜெயிச்சாங்க, வாத்தியாரே," என்றான் எமில். "இருபது பதினேழு."

அவன் இடது முழங்கை, கைப்பிடி இல்லாத பக்கத்தில், பாதி இடம் விட்டு அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.