நான் கேட்காமலே எழுதிய மெட்டு

பத்தொன்பது வயதில் நான் ஒரு மெட்டு எழுதினேன். வாயால் பாடி அல்ல. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், சுரத்துக்குச் சுரம் எண்களைத் தட்டித்தான். பாட்டு வாசிக்கும் சவுண்ட் கார்டு அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் சொல்லிக்கொடுக்கும் சாரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. மற்றவை 'பீப்' என்பதோடு சரி. ஆக, என் மெட்டை நானே கேட்டதில்லை. பிளாப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததோடு முடிந்தது.

போன மாதம் துறையூரில் மூடிய கடை ஒன்றிலிருந்து என் தம்பி அதே வகைக் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"லேப்டாப்லயே அந்தச் சத்தத்தை வரவழைச்சுடலாம்க்கா" என்றான்.

போடா என்றேன். அந்தக் கார்டுக்கென்று எழுதியதை அதில்தான் கேட்பேன். இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு இந்தப் பிடிவாதம்கூட இருக்கக் கூடாதா?

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் பிளாப்பி நுழைந்தது, கார்டு நுழையவில்லை. கார்டின் அடிப்பாகம் நீளம்; கம்ப்யூட்டரில் இருந்ததோ பிறகு வந்த குட்டை ஸ்லாட். இரண்டுக்கும் நடுவே நின்று சமாதானம் பேச ஒரு சின்ன போர்டு ஆன்லைனில் கிடைத்தது. அதைச் செருகி, அதன்மேல் கார்டைச் செருகினால், கார்டு பெட்டிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஆடியது. கையில் கிடைத்த சின்னப் பெட்டி ஒன்றை அடியில் முட்டாக வைத்தேன்.

"திருமண் பெட்டியை யாராவது முட்டா வைப்பாளா? எடு அதை!" என்று, தினமும் நாமம் இட்டுக்கொள்ளும் என் கணவர் கத்தினார். ரவை டப்பாவை வைத்தேன்.

கார்டை அடையாளம் கண்டுகொண்டதாகத் திரை சொன்னது. மெட்டை ஓட விட்டேன். திரையில் சுரங்கள் நகர்ந்தன. ஸ்பீக்கரில் மூச்சில்லை. கழற்றினேன், செருகும் முனையை அழிரப்பரால் துடைத்தேன், மறுபடி செருகினேன், செட்டிங்கை மாற்றினேன். ஊமைதான். அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் பின்னால் கைவிட்டு ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கப் போனேன். விரலில் ஏதோ சொரசொரப்பாகப் பட்டு உருண்டது.

"ஏய், சத்தம் வரது, வரது!" என்று கணவர் துள்ளினார்.

கார்டின் முதுகிலேயே வால்யூம் சக்கரம்! யாரோ அதைக் கடைசிவரை குறைத்து வைத்திருக்கிறார்கள். முழுக்கத் திருப்பினேன். மெட்டை முதலிலிருந்து போட்டேன்.

முதல் வரிக்கு நான் போட்ட கூச்சல் வீதிக்கே கேட்டிருக்கும். கணவர் கதவில் தாளம் போட்டார். இரண்டாம் வரியில் ஒரு சுரம் நாராசமாக விழுந்தது. மூன்றாம் வரியில் இன்னொன்று.

"நன்னாத்தானே இருக்கு" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து.

"சகிக்கலை" என்றேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு இது நன்றாயிருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரிய வழியில்லை. இப்போது தப்பு எங்கே என்று என் காது சொல்கிறது! அதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்?

அந்தச் சுரத்தை அழித்து வேறொன்றைத் தட்டினேன். கேட்டேன். அதுவும் சரியில்லை. இன்னொன்றைத் தட்டினேன்.

"சாப்பாடு?" என்றார்.

"சாதம் இருக்கு, போட்டுக்கோங்கோ. நான் இப்பதான் ரெண்டாவது வரில இருக்கேன்."