மூன்று பிள்ளைகளோடு கோலாலம்பூர் போய் வந்தது

கித்தா என்கிற ரப்பர் மரங்கள் இலை கொட்டும் மாசத்தில் பால் வெட்டு குறைந்துவிடும். லீவு கேட்டால் கணக்கெழுதும் கிராணி முகம் சுளிக்காமல் தருகிற காலம் வருஷத்தில் அது ஒன்றுதான். இந்த வருஷம் அந்தச் சமயத்தில் என் மருமகள் அஞ்சலைக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. நான் வயசாகிப் பேர் கழிந்த ஆள், லீவு கேட்க வேண்டியதில்லை. இருவரும் பேரப்பிள்ளைகள் மூவரையும் கூட்டிக்கொண்டு காப்பாரிலிருந்து கோலாலம்பூர் போய் வந்தோம்.

அடுத்த இலையுதிர் மாசத்தில் போக நினைக்கிறவர்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலைந்து குடும்பம் இருக்கிறார்கள். எல்லோரும் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். எழுதிக் கொடுங்கள், வாசகசாலைச் சுவரில் ஒட்டிவிடலாம் என்றார் இரவுப் பள்ளி வாத்தியார். போன வருஷம் வரைக்கும் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டிருந்த எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன? மெதுவாகத்தான் எழுத வருகிறது. விட்டதை வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டணம் அழகானதுதான். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அங்கே பாதிக் கண் பார்ப்பதற்கு, பாதிக் கண் பிள்ளைகளுக்கு. எனக்கு முக்கால் கண் பிள்ளைகள் மேலேயே இருந்தது. முருகேசுவுக்கு ஏழு வயது, எதைப் பார்த்தாலும் தொட வேண்டும். வள்ளிக்கு ஐந்து வயது, வெளியாரிடம் வாய் திறக்க மாட்டாள். சின்னவன் இன்னும் இடுப்புப் பிள்ளை.

என் மகன் காளிமுத்து ரப்பர் தகட்டுக்குப் புகை போடும் புகைக்கூண்டில் வேலை செய்கிறான். அதற்கு இலையுதிர் காலம் என்றெல்லாம் கிடையாது, அதனால் அவனால் வர முடியவில்லை. புறப்படுகிற அன்று காலையில் மடுவத்து வேலைக்குப் போகாமல் எங்களுக்கு முன்னால் வந்து நின்றான்.

"போறது அஞ்சு பேரு. வரும்போதும் அஞ்சு பேரா வரணும்பா. அங்க மோட்டார் வண்டி ஆளைப் பாத்து நிக்காதாம்."

"நான் என்ன சின்னப் பிள்ளையாடா?"

"உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."

அஞ்சலை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின வாரமெல்லாம் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்வது, கூட்டத்தில் கை நழுவினால் யாரிடம் கேட்பது என்று இதே யோசனைதான். காய்ச்சலுக்குக் கொயினாப் புட்டி, ஓமத்தண்ணீர், பழைய வேட்டித் துணி எல்லாம் மூட்டையில் வைத்தேன். நான் படித்த படிப்பு எதற்கு உதவும் என்று யோசித்து, மூன்று துணித் துண்டில் பிள்ளைகளின் பெயரையும் 'ஆலமரத்துத் தோட்டம், காப்பார்' என்பதையும் மையால் எழுதினேன். அஞ்சலை அதைப் பிள்ளைகளின் சட்டைக்கு உள்பக்கம் தைத்தாள். அதைச் செய்த பிறகுதான் மனம் கொஞ்சம் அடங்கியது.

காப்பாரிலிருந்து கிள்ளானுக்கு மோட்டார் பஸ், ஏறக்குறைய ஒன்பது மைல். பெரியவர்களுக்கு இருபது காசு. சின்னவனுக்கு வாங்கவில்லை, மற்ற இருவருக்கும் பாதி. முன் இருக்கையில் உட்காராதீர்கள். மண் சடக்குப் பாதையில் போகும்போது இஞ்சின் சூட்டில் முருகேசு இருமுறை வாந்தி எடுத்தான். ஓட்டுநர் சீனர், நல்ல மனிதர். கோபிக்காமல் வண்டியை நிறுத்தி ஒரு வாளித் தண்ணீர் கொடுத்தார்.

கிள்ளானிலிருந்து ரயில், இருபத்திரண்டு மைல் என்றார்கள். மூன்றாம் வகுப்பில் போனோம். ஜன்னல் ஓரம் பிள்ளைகளுக்கு வேண்டாம், கரித்தூள் கண்ணில் விழும். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். காரணம் கரித்தூள் மட்டுமல்ல. ஸ்டேஷன் பலகைகளில் மற்றப் பாஷைகளோடு தமிழும் எழுதியிருக்கிறது. பாடாங் ஜாவா, பத்து தீகா, பெட்டாலிங். எத்தனையோ வருஷமாக இந்தப் பலகைகளைத் தாண்டி வந்திருக்கிறேன், அவை எனக்கு வெறும் பலகைகள்தான். இந்த முறை ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிற்று. பெட்டாலிங்கை மட்டும் முழுதாகப் படித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் தங்கினோம். என்னோடு ஒரே கப்பலில் வந்த வீராசாமி அங்கே ரயில்வேக் குடியிருப்பில் இருக்கிறார். கப்பலில் பக்கத்தில் படுத்தவன் சொந்தத்தில் சேர்த்தி, அதனால் தங்கக் காசில்லை. அரிசியும் கருவாடும் கொண்டுபோய்க் கொடுத்தோம். கோலாலம்பூர் ஸ்டேஷனிலிருந்து அவர் வீடு ஒரு மைல்தான். நடந்தே போகலாம், ஆனால் பிள்ளைகளோடு வெயிலில் வேண்டாம். ரிக்‌ஷாக்காரர் முப்பது காசு கேட்டார், இருபதுக்கு வந்தார்.

மறுநாள் மஸ்ஜித் இந்தியாப் பக்கம் போனோம். துணிக்கடை பாய் ஒருவர் அஞ்சலையை "வாங்க தங்கச்சி" என்று கூப்பிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தபோதும் பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பினார். பெரிய மணிக்கூண்டு அடிக்கும்வரை முருகேசு அசையமாட்டேன் என்றான், அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டான். அன்றைக்கு நான் பார்த்தது பெரும்பாலும் பிள்ளைகளின் பின்னந்தலைகளைத்தான். மூன்று தலை, மூன்று தலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மூன்றாம் நாள் ஏரித் தோட்டம். இதை மட்டும் யாரும் விடாதீர்கள். காசு கேட்பதில்லை, நிழல் உண்டு. ஆனால் நாங்கள் தண்ணீருக்குப் பயந்து பிள்ளைகளைக் கையிலிருந்து விடவே இல்லை. புளிச்சோறு சாப்பிட்டோம், மீனுக்குப் பருக்கை போட்டோம், மத்தியானம் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பி நடந்தோம்.

அங்கே கடைவரிசையில் ஒரு தமிழ்ப் பலகை. முருகேசு, "தாத்தா, படிங்க" என்றான். நின்று படித்தேன். சின்னவன் அழுதான், அஞ்சலை இடுப்பு மாற்றினாள். வள்ளி என்னோடு நிற்கிறாள் என்று அவள் நினைத்தாள், அவளோடு நிற்கிறாள் என்று நான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது எங்கள் இருவர் பக்கத்திலும் வள்ளி இல்லை.

அந்த நேரத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் போகிறவர்களுக்குத் தெரியவேண்டும், அதனால் எழுதுகிறேன். காப்பிக் கடைக்குள் பார்த்தோம். கால்வாய்க்குள் குனிந்து பார்த்தோம். ரிக்‌ஷாக்காரர்களைக் கேட்டோம். மாட்டு வண்டி ஒன்று போனது, அதன் பின்னாலும் ஓடிப் பார்த்தேன். "வள்ளி, வள்ளி" என்று அஞ்சலை கூப்பிட்ட குரல் எங்கள் தோட்டத்தில் நான் கேட்காத குரல்.

சந்தியில் ஒரு மாத்தா-மாத்தா நின்றார். போலீஸ்காரர்களை நாம் அப்படித்தானே சொல்கிறோம். மலாய்க்காரர், பொறுமையாகக் கேட்டார். எந்தத் தோட்டம் என்றார். ஆலமரத்துத் தோட்டம் என்றேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். அப்படி ஒரு தோட்டம் தனக்குத் தெரியாது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆலமரத்துத் தோட்டம் என்பது நாம் வைத்துக்கொண்ட பெயர். துரையின் கணக்கில் இருப்பது வேறு பெயர். அது எனக்கு வாயில் நுழையாது. சட்டையில் எழுதித் தைத்திருக்கிறேன் என்று சொல்லி முருகேசுவின் சட்டையைத் திருப்பிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, இது தமிழ், எங்கள் ஆட்களில் யாருக்கும் படிக்கத் தெரியாதே என்றார். குழந்தை தானாகப் பேசுமா என்று கேட்டார். பேசாது என்றேன்.

அப்போது எங்கேயோ இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டது. கடைகளுக்குப் பின்பக்கத்திலிருந்து, தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிக்கிற அதே சத்தம். வள்ளியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அஞ்சலை நின்றுவிட்டாள்.

"மாமா, பெரட்டு அடிக்கிறாங்க."

"அதுக்கு என்னம்மா இப்ப?"

"அவ போயிருப்பா மாமா. சத்தம் கேட்டா அவ நிக்க மாட்டா."

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் புரியவேண்டும். நம் தோட்டத்தில் இரும்பு அடித்தால் பெரியவர்கள் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அதே சத்தத்துக்கு, தாய்மார் வேலைக்குப் போகையில் விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளும் வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்கிறவர் துணி நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தவழ்கிற பிள்ளையைத் தவிர மற்ற எல்லாப் பிள்ளைக்கும் இது பழக்கம்.

அஞ்சலை சின்னவனை இடுக்கிக்கொண்டு ஓடினாள். நான் முருகேசுவை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒரு சந்து, பிறகு ஒரு தகரக் கூரை லயம். பட்டணத்தில் தெரு கூட்டுகிற நம்மவர்கள் குடியிருக்கிற இடம். முற்றத்தில் ஆண்களும் பெண்களும் துடைப்பத்தோடு மத்தியானப் பெரட்டுக்கு வரிசையாக நின்றார்கள். அவர்களை மேய்க்கிற தண்டல் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் ஒரு பெண்ணின் சேலை நுனியைப் பிடித்தபடி வள்ளி நின்றாள். நேராக, ஆடாமல் நின்றாள்.

அஞ்சலை அவளை வாரித் தூக்கினாள். வள்ளி நெளிந்து இறங்கப் பார்த்தாள்.

"பேரு கூப்பிட்டுட்டாங்க. நீங்க ஏன் பிந்தி வந்தீங்க?" என்று எங்களைக் கேட்டாள்.

வரிசை முழுவதும் சிரித்தது. தண்டல், என் வயசுக்காரர், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"எண்ணிப் பாத்தா ஒரு ஆள் கூடுது. கீழ குனிஞ்சா இது நிக்குது. பேரு என்னன்னா வாயே திறக்கல. எந்தத் தோட்டம் அண்ணே?"

"காப்பார் பக்கங்க."

"அதான பாத்தேன். பட்டணத்துப் புள்ள இப்படி நிக்காது. அரைக் கூலிக்கு அரைப் பேரு போட்டுடட்டுமா?"

"போடுங்க தண்டலய்யா, துடைப்பத்த விட அது உசரம் கம்மி" என்றாள் சேலைக்காரப் பெண். வள்ளி கையில் அவள் ஒரு துண்டு வெல்லம் வைத்தாள். தண்டல் எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முருகேசு முதலில் குடித்துவிட்டுக் குவளையை என்னிடம் நீட்டினான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீராசாமி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், நம்ம வள்ளி எவ்வளவு கெட்டி பாத்தியா, ஒரு அழுகை இல்லை, சரியான இடத்துல போய் நின்னுடுச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அஞ்சலை முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்குப் போனதும் மூட்டையைக் கட்டினாள். சாயங்கால ரயிலுக்கே போய்விடலாம் என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வீராசாமிதான் தடுத்தார்.

"இருட்டுல கிள்ளான்ல இறங்கி, பஸ்ஸுக்கு எங்க போவ? காலையில போம்மா. புள்ளைதான் கிடைச்சிருச்சே."

"கிடைச்சிருச்சு மாமா" என்றாள் அஞ்சலை. பிறகு வள்ளியின் தலையைத் தடவிக்கொண்டே, "அஞ்சு வயசுல இரும்புச் சத்தத்துக்கு வரிசையில போய் நிக்குது. எந்த ஊரு, என்ன பேருன்னு கேட்டா சொல்லத் தெரியல. நிக்க மட்டும் தெரியுது" என்றாள்.

வீராசாமி மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார்.  அதுவரை நான் சந்தோஷப்பட்டதும் அவள் சொன்னதும் ஒரே விஷயம்தான் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

காலையில் ரயிலுக்குப் புறப்பட்டோம். ஸ்டேஷன் தெரிகிற இடத்தில் அஞ்சலை நின்றாள்.

"மாமா, மத்தியான வண்டிக்குப் போவோம். ஏரித் தோட்டத்துக்கு இன்னொரு தரம் போயிட்டு வருவோம்."

 அங்கே தண்ணீர் இருக்கிறதே என்றேன். தண்ணீர் ஓரம் நாம் ரெண்டு பேரும் நிற்போம் என்றாள். அப்படியே செய்தோம். ஏரிப் பக்கம் அவள் ஒரு முனையில், நான் ஒரு முனையில். நடுவில் புல் மேடு. சின்னவனைப் புல்லில் உட்கார வைத்தாள். வள்ளியைக் கீழே இறக்கிவிட்டு, "போ" என்றாள்.

வள்ளி முருகேசுவின் பின்னால் போய் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் உதறிவிட்டு ஓடினான். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். யாருக்குப் பின்னால் நிற்பது என்று கேட்கிற பார்வை.

"யாரு பின்னாலயும் வேணாம். ஓடு" என்றாள் அஞ்சலை.

வள்ளி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஓடினாள். மேட்டில் ஏறினாள், அந்தப் பக்கம் இறங்கினாள். தலை மறைந்தது. என் கால் தானாகக் கிளம்பியது. "இருங்க மாமா, வரட்டும்" என்றாள் அஞ்சலை. அவளும் மேட்டையே பார்த்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். துரை கணக்கில் நம் தோட்டத்துக்கு என்ன பெயர் என்று கிராணியிடம் கேட்டு, போகுமுன் பிள்ளைகள் வாயில் வரும்வரை சொல்லிக்கொடுங்கள். யார் எந்தப் பிள்ளையின் கையைப் பிடிப்பது என்று வீட்டிலேயே வாய்விட்டுப் பேசி முடிவு செய்துவிடுங்கள். பலகை படிக்கிறவர் கையில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். திரும்பும்போது காலை ரயில் வேண்டாம், மத்தியான ரயிலுக்கே வாருங்கள். காலைப் பொழுதை அந்தப் புல் மேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது பெரியவர்களுக்கு மூச்சு நிற்கும். நின்றாலும் கூப்பிடாதீர்கள். வள்ளி தானாகத்தான் ஏறி வந்தாள், முகமெல்லாம் மண், கையில் ஒரு பிடி புல். எங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வராமல், மறுபடியும் அந்தப் பக்கமே இறங்கி ஓடினாள்.