போர்மேன் மைசூருக்குக் கிளம்புகிறார்

“ரூமுக்கு எத்தன கதவு?” என்று கேட்கிறார் ஊர்க்காவலன்.

மறுமுனையில் மைசூரில் ஒரு லாட்ஜ். பேசுகிறவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். எல்லா ரூமுக்கும் ஒரு கதவுதான் சார் என்கிறார். ஊர்க்காவலன் எதிர்பார்த்த பதில்தான். ஆனாலும் மனிதர்கள் இப்படியும் வாழ்கிறார்களே என்ற வருத்தம் முகத்தில் தெரிகிறது. “சரி, அந்த ஒண்ணாவது வெளிப்பக்கமாத் தெறக்குமா, உள்பக்கமாத் தெறக்குமா?” லாட்ஜ்காரர் கதவை மனதுக்குள் ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு லைனே இல்லை.

ஊர்க்காவலன் அசரவில்லை. அன்று காலையிலிருந்து அவர் விசாரித்துக் கைவிட்ட லாட்ஜுகளை வரிசையாக வைத்தால் மைசூரில் ஒரு தெருவே அமைந்துவிடும்.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், ஊர் வழக்கில் சொன்னால் பயராபீஸில், அவர் போர்மேன். அங்கே வேலை நடக்கும் ரூம்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், ஒட்டப் பிடிக்காத பங்காளிகளைப் போலத் தனித்தனியாக நிற்கும். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. எல்லாப் பக்கமும் கதவு, எல்லாக் கதவும் வெளியே பார்த்துத் திறக்கும். வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் கரண்ட் எதுவும் தங்கியிருந்தால் மண்ணுக்குப் போகட்டும் என்று, உள்ளே போகிறவர்கள் அதில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். நைலக்ஸ் சேலை கூடாது, கொலுசு கூடாது, போன் அறவே கூடாது. இவ்வளவையும் பிறருக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே இவற்றால் ஆனவராகிவிட்டார்.

வீட்டுக்குள்ளும் போன் வராது. தெருப்பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கூடையில் தொங்கும். மழைக்குக் கூடை மேல் ஒரு மூடி. பேச வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போவார். அதனால் அவர் குடும்பத்தில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. மைசூர்ப் பயணமும் இப்படித்தான் தெருவின் பொதுச் சொத்தாகிவிட்டது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் கண்ணுச்சாமிக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற பஸ் விவரம் தலைகீழ்ப் பாடம்.

“என்ன போர்மேன், அரமணைக்கு எத்தன கதவுன்னு கேட்டீகளா?” என்றார் கண்ணுச்சாமி ஒருநாள், டீயை ஆற்றிக்கொண்டே.

“கேட்டேன். நெறய இருக்காம். அங்கன கவலயில்ல” என்றார் இவர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே நிம்மதியான செய்தி.

திட்டம் மூன்று நாளைக்கு. முதல் நாள் அரண்மனையும் மார்க்கெட்டும். மறுநாள் காலை ஸ்ரீரங்கப்பட்டணம், அங்கிருந்து சோமநாதபுரம் கோயில், பொழுதோடு திரும்பிவிடுவது. மூன்றாம் நாள் சாமுண்டி மலை, சாயங்காலம் ரயில். மலை ஏறுவதற்கு விடிகாலை என்று முடிவு செய்திருந்தார். வெயிலுக்குப் பயந்து அல்ல. வெடிமருந்து கலக்கும் வேலை காலைக் குளிர்ச்சியில்தான் நடக்கும் என்பதால், ஆபத்து என்று தோன்றும் எதையும் அவர் முன்பகலிலேயே முடித்துவிடுவார். பல் பிடுங்கப் போனதுகூட அப்படித்தான். இரவில் அரண்மனை முழுக்கப் பல்பு எரியும், லட்சத்துக்குக் கிட்டே என்று யாரோ சொன்னபோது, எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எர்த் ஒழுங்காகப் போட்டிருப்பானா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

இவர்கள் நகரத்தையே பார்த்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போயிருக்கிறார்கள். ஆனால் அப்போதெல்லாம் ஊரைப் பார்க்கிற வேலை இருக்காது. காரணமே இல்லாமல், பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போவது இதுதான் முதல் தடவை. திட்டம் போடுவது மட்டும் முதல் தடவை அல்ல. தீபாவளி முடிந்து பயராபீஸ் கேட்டைச் சாத்தினால், பூஜை போட்டு மறுபடி திறக்கும்வரை அவருக்கு வேலை கிடையாது. ஒவ்வொரு வருஷமும் அந்த இடைவெளியில் ஒரு பயணத்தைக் கட்டுவார். திருவனந்தபுரம் ஒரு வருஷம், ஊட்டி ஒரு வருஷம். பஸ், லாட்ஜ், சாப்பாட்டுக் கடை வரை எல்லாம் தயாராகும். அவர் கட்டிய திட்டத்தை வாங்கிக்கொண்டு தெருவில் பாதிப் பேர் போய் வந்துவிட்டார்கள். ஊட்டியில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று போய் வந்தவர்களுக்கே சொல்லுவார். அவர் மட்டும் போனதில்லை. கடைசியில் ஏதோ ஒரு கணக்கு உதைக்கும், பூஜை வந்துவிடும்.

உதைக்கிற கணக்கு எது என்று தெருவுக்குத் தெரியும். யாரும் பேசுவதில்லை.

அவர் மனைவி அய்யம்மாளும் ஒரு காலத்தில் அதே பயராபீஸில், அதே ரூமில் வேலை பார்த்தவர்தான். ஊர்க்காவலன் முதன்முதலாக அய்யம்மாளிடம் பேசியதே ஒரு அதட்டல். “ஏத்தா, தகட்டத் தொட்டுட்டு உள்ள போ.” மகள் ஓவியா கைக்குழந்தையாக இருந்தபோது பக்கத்துக் கம்பெனி ஒன்றில் விபத்து. ஒரே ரூமில் இருந்த புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய்விட்டார்கள். துக்க வீட்டில் அவர்கள் பிள்ளையை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒருவர் மாற்றி ஒருவர் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கைகளில் ஒன்று அய்யம்மாளுடையது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் முதல் சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்துகொண்டார்.

ஊர்க்காவலன் அதைச் சட்டமாக்கினார். எந்தச் சட்டத்தையும் கொஞ்சம் கூடுதலாகவே கடைப்பிடிப்பது அவர் சுபாவம். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் இல்லை என்பது, ஒரே வண்டியில் இல்லை என்றாயிற்று. கல்யாண வீட்டுக்கு அய்யம்மாள் பஸ்ஸில், இவர் மொபெட்டில். கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர் ஓவியாவோடு முன்னால் போவார், இவர் பின்னால் வருவார். இரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ்த்தானே தூங்குகிறீர்கள் என்று கண்ணுச்சாமி ஒருமுறை மடக்கப் பார்த்தார். “வீட்டுல மருந்து இல்லைல்லா” என்றார் ஊர்க்காவலன். மொபெட்டில் மட்டும் என்ன மருந்து இருந்தது என்று கண்ணுச்சாமி திருப்பிக் கேட்கவில்லை.

ஆக, அவர் திட்டங்கள் எல்லாம் கடைசிப் படியில் தடுக்கி விழுந்தன. பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு பேரும் போக முடியாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஒன்றாகப் போகவும் முடியாது. இதற்கு நடுவில் மூன்றாவது வழி இருக்கிறதா என்று அவர் வருஷக்கணக்கில் யோசித்தார்.

இந்த வருஷம் ஓவியாவுக்கு மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தீபாவளிக்கு வந்தவள் அப்பாவின் மைசூர்த் திட்டத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, மரத்தடியிலேயே நின்று சொன்னாள். “எனக்கு வேலை கெடச்சாச்சுப்பா. இனிமே என்னயப் பாத்துக்கிட ஆள் வேணாம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

அவர் கூடையில் கிடந்த போனை எடுத்து, அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். மாலையில் மகளிடம் டிக்கெட் போடச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. ஓவியா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் சொன்னபடியே செய்தாள். செய்துவிட்டு டிக்கெட்டை அம்மாவின் போனுக்கு அனுப்பினாள். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு எந்தக் காகிதம் யார் கைக்குப் போக வேண்டும் என்று தெரியும்.

அய்யம்மாள் அன்றைக்குப் பயணத்துக்கென்று பருத்திச் சேலைகளாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வெளியே கூடையில் இருந்த தன் போனில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஊர்க்காவலனுக்கு எஸ் எட்டுப் பெட்டி. தனக்கு எஸ் இரண்டு. எடுத்து வைத்த சேலைகளை ஒவ்வொன்றாகப் பீரோவுக்குள் திரும்ப வைத்தார்.

“ஒரே ரயில்தான, அய்யம்மா” என்றார் ஊர்க்காவலன் வாசலில் நின்றபடி.

“ஆமா. ஒரே ஊருதான், ஒரே தெருதான், ஒரே வீடுதான்.”

சோமநாதபுரத்துக்கு எப்படியாம் என்று அய்யம்மாள் கேட்டார். அதற்கும் இரண்டு பஸ் பார்த்து வைத்திருப்பதாக ஊர்க்காவலன் சொன்னார். ஒன்று முன்னால், ஒன்று கொஞ்சம் பின்னால். முன்னால் போகிறவர் கோயில் வாசலில் காத்திருக்கலாம், நிழல் இருக்கிறதாம். திட்டத்தில் அவருக்கு மிகவும் பிடித்த பகுதி அது. குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

அய்யம்மாள் பீரோவைச் சாத்தினார். “தனித்தனியா இருக்கிறதுக்கு மைசூரு எதுக்குங்க? அதத்தான் இங்கனயே இம்புட்டு வருசமா இருந்துக்கிட்டு இருக்கமே.”

சண்டை அவ்வளவுதான். இந்த வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை வராது. சத்தத்தின் மேல் இருவருக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் அடுத்து வந்த நாட்களில் மரத்தடியிலிருந்து மைசூருக்குப் போன் போகவில்லை. கண்ணுச்சாமி டீக்கடையில் பஸ் நேரம் கேட்டவர்களிடம், திட்டம் நிப்பாட்டி வச்சிருக்கு என்று சொல்லிவிட்டார். ஊர்க்காவலன் மொபெட்டை எடுத்துக்கொண்டு பூட்டிக் கிடக்கும் பயராபீஸ் வரை போய், கேட்டுக்கு வெளியே நின்று தூரத்து ரூம்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கேட்டில் இருந்த வாட்ச்மேன், பூஜை நாள் முடிவாகிவிட்டதா என்று அவரையே கேட்டான்.

பயண நாளன்று காலையில் அவர் பையைத் துடைத்து, துணிகளை மடித்து வைத்தார். ஒருவர் போவதற்கான பை. ஒருவராவது போனால் டிக்கெட் முழுசும் வீணாகாது என்று, அந்த அறையில் இல்லாத யாருக்கோ விளக்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அய்யம்மாள் பீரோவைத் திறந்தார்.

“ஸ்டேசன் வரைக்கும் வாரேன். ஏறுறதா இல்லையாங்கிறத அங்கன பாத்துக்கிடுவேன்” என்றார்.

விருதுநகர் ஸ்டேஷனுக்கு அய்யம்மாள் பஸ்ஸில் வந்தார். ஊர்க்காவலன் மொபெட்டில் வந்து, தெரிந்தவர் கடையில் வண்டியை விட்டுவிட்டு நடந்தார். பிளாட்பாரத்தில் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார். அய்யம்மாளை எஸ் இரண்டுக்கான இடத்தில் நிறுத்தி, தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் கொடுத்து, வண்டி அதிக நேரம் நிற்காது, வந்தவுடன் ஏறிவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு நடந்தார். புது ரூமுக்கு ஆள் பிரித்து அனுப்பும்போது நடக்கிற அதே நடை. நடுவில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தார்.

வண்டி வந்தது. கூட்டம் ஏறியது. எஸ் எட்டின் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்க்காவலன் எட்டிப் பார்த்தபோது, எஸ் இரண்டுக்கு எதிரே பிளாட்பாரம் காலியாகிவிட்டிருந்தது, அய்யம்மாளைத் தவிர. பை தரையில் இருந்தது. அவர் ரயிலைப் பார்க்கவில்லை. இந்தக் கோடியைப் பார்த்து, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பயராபீஸில் யாரும் ஓடக் கூடாது. ஓடினால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம், மொத்தக் கம்பெனியும் வெளியே வந்துவிடும். அந்தச் சட்டத்தையும் அவர் வெளியில் கடைப்பிடித்து வந்தவர்தான். பஸ் பிடிக்கக்கூட ஓடியதில்லை. அன்றைக்கு ஓடினார், பை இடுப்பில் இடிக்க, பாதிச் சாமான் விற்றிருந்த கொய்யாப்பழக்காரி கூடையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட.

எஸ் இரண்டுக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. குனிந்து அய்யம்மாளின் பையையும் எடுத்துக்கொண்டார். படியில் காலை வைக்கப் போனவர், சட்டென்று நின்றார். பைகளை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையின் உள்ளங்கையை விரித்து, வாசல் பக்கத்து இரும்புக் கம்பியில் வைத்தார். தினமும் காலையில் நிற்பது போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். முன்னால் விசில் கேட்டது. அவர் அவசரப்படவில்லை.

பிறகு ஏறினார். அய்யம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கை இருந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தார்.