பெட்டிகள் சொன்ன ஊர்

ஜிப்புக்காரர் அந்தக் கடலோர நகரத்துக்குப் பதினேழு தடவை போய்வந்தவர் என்று தெருவில் ஒரு பேச்சு. இருபது என்றிருந்தால் யாரோ குத்துமதிப்பாக அடித்துவிட்டது என்று தள்ளிவிடலாம். பதினேழு என்றால் யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.

வதந்தியின் வாலைப் பிடித்துக்கொண்டே போனால் தலை வரும் அல்லவா? முடிதிருத்தும் கடையில் விசாரித்தால் மருந்துக்கடையைக் காட்டினார்கள். மருந்துக்கடைக்காரர், "எனக்கெதுக்குங்க ஊர் வம்பு?" என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் ஊர் வம்பு பேசிவிட்டு, கடைசியில் கணக்கு டீச்சரைக் கை காட்டினார். கணக்கு டீச்சர் எண்ணாத எதையும் சொல்ல மாட்டார்.

"அவர் கடை போட்டுப் பதினேழு வருஷம் ஆச்சு. வருஷத்துக்கு ஒரு கோடை. பெருக்கிப் பாருங்க," என்றார் டீச்சர்.

பெருக்கல் சரிதான். பெருக்கப்பட்ட சங்கதிதான் தப்பு. ஜிப்புக்காரர் அந்த நகரத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. கடலை அவர் பார்த்ததே காலண்டரில்தான். அதிலும் பாதிக் கடலை மே மாதத்துத் தேதிகள் மறைத்துக்கொண்டிருந்தன.

அவர் கடை, ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. உள்ளே நிமிர்ந்து நின்றால் ஏழாம் படியில் தலை இடிக்கும்; அதனால் அவர் நிற்பதே இல்லை. பயணப் பெட்டிகளுக்கு ஜிப் மாற்றுவது, ஜிப்பை இழுக்கும் ரன்னர் போடுவது, சக்கரம் மாற்றுவது, பூட்டின் எண்ணை மறந்தவர்களை அவமானப்படுத்தாமல் பூட்டைத் திறந்து கொடுப்பது, இதுதான் தொழில். ஊருக்கெல்லாம் ஜிப் போடுகிறவர் தன் வாய்க்கும் ஒன்று போட்டுக்கொண்டார் என்பார்கள். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். மிச்சத்தைப் புன்னகையாலேயே சமாளித்துவிடுவார். வம்பை விலைக்கு வாங்கியது அந்தப் புன்னகைதான்.

போன கோடை விடுமுறை முடிந்ததும் டீச்சர் தன் சிவப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். ஜிப்புக்காரர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார்:

"ஸ்டேஷன் படியில தூக்காம உருட்டிக்கிட்டே இறங்கிட்டீங்களா டீச்சர்?"

"ஆமா."

"முப்பத்திநாலு படியும்?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எண்ணியிருந்தார். முப்பத்திநாலேதான்.

"நீலக் கதவு லாட்ஜ்லதான தங்கினீங்க? மாடி ரூம்?"

"நீங்க அங்க போயிருக்கீங்களா?"

ஜிப்புக்காரர் புன்னகை செய்தார். அன்றைய இருபது வார்த்தைகள் தீர்ந்துவிட்டிருக்க வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். பதினேழு வருஷமாக, கோடை முடிந்தால் அந்த நகரத்துக்குப் போன பெட்டிகளெல்லாம் அவரிடம்தான் நொண்டிக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் வலது பக்கச் சக்கரத்தில் ஒரே மாதிரி வெட்டு. அப்படியானால் படி. எத்தனை படி? கனமான பெட்டிக்காரர்கள் ஐம்பது என்று அழுவார்கள், லேசான பெட்டிக்காரர்கள் இருபது என்று அலட்டிக்கொள்வார்கள். நடுவில் ஒரு எண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டார். சக்கரத்து ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், படிக்குப் பிறகு சரிவான தெரு, சதுரக் கற்கள் பாவியது. கைப்பிடியில் பிசுபிசுப்பு இருந்தால், சரிவின் அடியில் ஒரு ஐஸ்கிரீம் கடை. எல்லாரும் அங்கே மூச்சு வாங்க நிற்கிறார்கள். பெட்டியின் மூலைகளில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தால், குறுகலான ஒரு லாட்ஜ் கதவு. பூட்டில் துரு ஏறியிருந்தால், உப்புக் காற்று வரும் மாடி அறை.

ஒரு வருஷம் பெயிண்ட் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஜிப்புக்காரருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தன்னைக் கேட்காமல் யார் மாற்றினார்கள் என்று வருத்தம். மறு வருஷம் மறுபடி நீலம். நிம்மதி.

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் அவர் பழைய டூத்பிரஷ்ஷால் ஜிப் பற்களைத் தேய்ப்பார். பற்களின் இடுக்கிலிருந்து மணல் உதிரும். அதை ஊதித் தள்ள மனம் வராது. காகிதத்தில் கூட்டி, காலியான காபித்தூள் பாட்டிலில் போட்டு வைப்பார். பிறகு மேலே மாடிப்படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்கும், தடதடவென்று. அவர் அந்த முப்பத்திநாலு படிகளில் இறங்கிக்கொண்டிருப்பார். சரிவில் நடப்பார். ஐஸ்கிரீம் கடையில் நிற்பார். நீலக் கதவைத் தோளால் தள்ளி மாடி ஏறி, ஜன்னலைத் திறப்பார். அங்கே எப்போதும் யாராவது "அண்ணே, பெட்டி ரெடியா?" என்று கேட்டுவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் பார்த்து முடித்ததில்லை.

இவ்வளவு கனவு கண்டவர் ஏன் போகவில்லை என்று கேட்கலாம். கோடைக்கு முன்னால் பெட்டிகள் போகத் தயாராகும், கோடைக்குப் பின்னால் உடைந்து திரும்பும், நடுவில் அவசரக் கேஸ்கள் வரும். மனைவி கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். "சீசன் முடியட்டும்மா" என்பார். சீசன் முடிந்தால் கோடையும் முடிந்துவிடும். வேறொரு கடையில் கூலிக்குப் பெட்டி தைத்த இரண்டு வருஷத்தையும் சேர்த்து, பத்தொன்பது வருஷம் இப்படி ஓடிவிட்டது.

இந்த நிலைமையில்தான் மனைவியின் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கடலுக்குப் போறாராமே? பதினேழு தடவையாம். உன்னைக் கூட்டிட்டுப் போறதில்லையா?"

மனைவி ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு நானூறு சட்டைகளைத் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷ வாழ்க்கையை அவள் அன்று சாயங்காலமே திருப்பிப் பார்த்துவிட்டாள். டிபன் டப்பா கழுவ எடுத்தபோது கடைப் பைக்குள் காபித்தூள் பாட்டில் கிடைத்தது. நிறைந்துவிட்டதே என்று அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். உள்ளே காபித்தூள் இல்லை.

"இது என்ன?"

"மணல்."

"எந்த மணல்?"

"கடல் மணல்."

"போகாத ஊர் மணல் எப்படிங்க வரும்? நடந்து வந்துச்சா?"

"பெட்டியில வந்துச்சு."

"யார் பெட்டியில?"

வாய்க்கு ஜிப் போட்ட மனிதர், திறக்க வேண்டிய நேரத்தில் ரன்னர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வார்? புன்னகை செய்தார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு உண்டு, சுடுதண்ணீர் உண்டு, மடித்து வைத்த சட்டை உண்டு. வார்த்தை மட்டும் கிடையாது. மௌனம் தன்னுடைய சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்த ஜிப்புக்காரருக்கு, அது அடுத்தவர் கையில் இருந்தால் எவ்வளவு கனக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. போன இடத்தையாவது டிக்கெட்டைக் காட்டி நிரூபிக்கலாம். போகாததற்கு எந்தக் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கிறார்கள்?

பத்தாம் நாள் மனைவி வாயைத் திறந்தாள். "இந்தக் கோடைக்கு நாம போறோம். லீவு சொல்லிட்டேன்."

"சீசன்..." என்றார் அவர்.

"சீசனும் நம்மளோட வரட்டும். அங்க வந்து பாக்கறேன். புதுசா வந்தவர் மாதிரி முழிச்சீங்கன்னா சரி. வழி தெரிஞ்ச மாதிரி விறுவிறுன்னு நடந்தீங்கன்னு வைங்க, அடுத்த ரயில்ல நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. பத்தொன்பது வருஷம் கேட்டுக் கேட்டு அலுத்த ஒரு ஆசையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறவளின் குரல் அது.

ஜிப்புக்காரர் மாட்டிக்கொண்டார். ஏனென்றால் அவருக்கு வழி தெரியும். கால் தானாகப் போகும். படி இறங்கும்போது முப்பத்திநாலாவதில் கால் தானாகத் தரையைத் தேடும். ஐஸ்கிரீம் கடை வந்ததும் உடம்பு தானாக நிற்கும். நிரபராதி என்று காட்ட வேண்டுமானால் அவர் தொலைந்துபோக வேண்டும். தன் மனசிலேயே கட்டிய ஊரில் எப்படித் தொலைந்துபோவது? கடையில் உட்கார்ந்து முழிக்கப் பழகினார். "சார், ஸ்டேஷனுக்கு வெளியில எப்படிப் போறது?" என்று ஒரு பச்சைப் பெட்டியிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன் சொந்தக்காரர் வந்து நின்று, ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பயணத் திட்டம். மேசையில் ரயில் நேர அட்டவணை, துவைத்த துணிகள், நடுவில் ஒரு பழைய பெட்டி. ஊருக்கெல்லாம் பெட்டி சரிசெய்கிறவர் வீட்டுப் பெட்டிக்கு ஒரு சக்கரம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உள்துணியும் கிழிந்திருந்தது. "கடையில மிச்சத் துணி இருக்குமே," என்று மனைவி அவருடைய பையைக் கவிழ்த்தாள். நான்காக மடித்த ஒரு வெள்ளைத் துணி விழுந்தது. விரித்தாள்.

பால்பாயிண்ட் பேனாவால் ஒரு ஊர். படிகள் ஒவ்வொன்றாக. சரிவுத் தெருவில் ஒவ்வொரு கல்லும். ஐஸ்கிரீம் கடை. நீலப் பேனாவில் கதவு, அதன் மேல் சின்னதாக 'ஒரு வருஷம் மஞ்சள்'.

ஜிப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா வீட்டு ரயில் கூவுவது காதில் கேட்டது.

மனைவி துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சட்டையைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழாக, பிறகு திருப்பி, ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தாள். கை பழக்கமாக சாக்பீஸைத் தேடியது.

"கடல் எங்க?" என்றாள்.

"ம்?"

"எல்லாம் போட்டிருக்கீங்க. கதவுக்குப் பெயிண்ட்கூட அடிச்சிருக்கீங்க. கடல் எந்தப் பக்கம்?"

ஜிப்புக்காரர் துணியை வாங்கினார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். முகத்தில் ஒத்திகை இல்லாத ஒரு முழிப்பு வந்தது. பச்சைப் பெட்டியிடம் பழகியபோது வராத முழிப்பு.

"தெரியலையேம்மா," என்றார். பிறகு இரண்டு நாள் வார்த்தைகளை ஒரே மூச்சில் செலவழித்தார். "படியைச் சக்கரம் சொல்லுச்சு. கல்லை ரப்பர் சொல்லுச்சு. கதவை மூலை சொல்லுச்சு. கடலுக்குள்ள யாரும் பெட்டியை உருட்டிட்டுப் போறதில்லையே? எந்தப் பெட்டியும் எங்கிட்டக் கடலைப் பத்தி ஒண்ணும் சொல்லல. மணலை மட்டும் கொண்டுவந்து கொட்டுச்சு. அதையும் ஒரு நாள் திருப்பிக் கொடுக்கணும்னுதான் சேத்து வெச்சேன். உங்கூடப் போறப்போ."

மனைவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டும் நிற்கவில்லை.

"பதினேழு தடவை போனவருக்குக் கடல் எந்தப் பக்கம்னு தெரியல! அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லணும்."

"சொல்லு."

"கடல் படிக்கு நேர் எதிர்லதான் இருக்கும்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருக்காது. சரிவு இறங்கி முடியற இடத்துல."

"அப்ப ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?"

"அதைத்தான் நான் இன்னும் பாத்ததில்ல."

ஒரு மணி நேரம் இருவரும் படத்தில் வராத கடலுக்காகச் சண்டை போட்டார்கள். கடைசியில் துணியின் நான்கு ஓரங்களிலும் இடம் விட்டுவைப்பது என்று முடிவானது. கடல் எந்தப் பக்கம் வந்தாலும் உட்காரட்டும். அந்தத் துணியையே மனைவி பெட்டிக்கு உள்துணியாகத் தைத்துவிட்டாள், படம் உள்பக்கமாக. தையல் விட்ட இடம் ஒன்றுகூட இல்லை. ஜிப்புக்காரர் நான்காவது சக்கரத்தைப் போட்டார். மணல் பாட்டிலைத் துண்டில் சுற்றி மூலையில் வைத்தார்கள்.

ஜிப்பை இழுத்து மூடும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: "ஒன்பது நாள் பேசாம இருந்தியே?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"தப்பா நினைச்சுட்டேன்னு ஒரு வார்த்தை..."

மனைவி துணிகளை மடித்து முடித்தாள். நேர அட்டவணையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அவிழ்ந்திருந்த அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"அங்க வந்து சொல்றேன். முதல்ல கடல் இருக்கான்னு பாத்துக்கறேன்."

ரயிலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பெட்டி கதவோரம் நிற்கிறது. அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் வரவில்லை. ஜிப்புக்காரர் அவசரப்படுத்தவில்லை, மத்தியானங்களில் டூத்பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் மாடி ஜன்னல் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒருத்தி வாயைத் திறப்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.